ஜோசியர் சொன்ன ‘இல்லை’

சோழிங்கநல்லூரில், பிரியம் சிஸ்டம்ஸ் கட்டடத்தின் ஆறாவது மாடியில், ஒரு காலத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த வேலையை இயந்திரங்களே பார்த்துக்கொண்டன. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் மென்பொருள் தயாராகிவிடும். ஆனாலும் அந்த மாடியில் எந்தத் திட்டமும் சொன்ன தேதியில் முடிந்ததில்லை. என்ன வேண்டும் என்று சொல்வதற்குத்தான் மனிதர்களுக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது.

முந்நூறு பேரில் பெரும்பாலும் மிஞ்சியவர்கள் இரண்டு வகை. என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் புராடக்ட் மேனேஜர்கள். அது எப்போது முடியும் என்று மேலிடத்துக்குச் சொல்லும் புரோகிராம் மேனேஜர்கள். ‘மொழிவு’ என்ற திட்டத்துக்கு முதல் வகையில் ஜெசிந்தாவும் இரண்டாம் வகையில் ஏகாம்பரமும் இருந்தார்கள்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கான கருவி அது. காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒரு சின்னப் பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மனதில் எழும் சொல்லை அது பிடித்துக் கைப்பேசிக்கு அனுப்பும். கைப்பேசி அதை உரக்கச் சொல்லும். யோசனை ஜெசிந்தாவுடையது. மணப்பாட்டிலிருந்து வந்தவள், எதையும் அரைகுறையாக விடமாட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையும் அப்படியே விட்டதும் கிடையாது. வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் ஏகாம்பரத்தின் மேஜைக்கு வந்து, “ஏகா, ஒரு சின்ன விஷயம்தான்” என்று ஆரம்பிப்பாள். அந்தச் சின்ன விஷயம் ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தை விழுங்கியது.

ஏகாம்பரம் அதையெல்லாம் தன் திறமையால் சமாளித்தான். தேதி சொல்வது அவனுக்கு ஒரு கலை. “மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும்” என்பான், எந்த மாதம் என்று கேட்கத் தோன்றாத குரலில். “தொண்ணூறு சதவீதம் ஆகிவிட்டது” என்று ஒன்றரை வருடமாக அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தான். யாரும் குறை சொன்னதில்லை.

அப்போதுதான் ஜோசியர் வந்தது.

தலைமையகம் அனுப்பிய மென்பொருள் அது. அதன் உண்மைப் பெயர் நீளமானது, யாருக்கும் வாயில் நுழையவில்லை. முதல் நாளே அதற்கு ஜோசியர் என்று பெயர் விழுந்துவிட்டது. மாடிக்குத் தலைவரான தாமோதரன் எல்லாரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து அதைப் பெரிய திரையில் போட்டார்.

“திட்டத்தோட பேரைச் சொன்னா, அது முடியற தேதியைச் சொல்லும். ஒரு நாள்கூட முன்னப் பின்ன ஆகாது” என்றார்.

“எப்படி சார்? நிரலை எல்லாம் படிக்குமா?” என்று கேட்டான் ஏகாம்பரம். தன் வேலை போய்விடுமா என்பதுதான் அவன் உண்மையில் கேட்க நினைத்தது.

“நிரலைப் பத்தி அதுக்குக் கவலையே இல்லப்பா. அதுதான் அஞ்சு நிமிஷத்துல ஆயிடுதே. இது மனுஷங்களைப் படிக்குது. நம்ம மெயில், மீட்டிங்ல பேசினது, யாரு எப்ப லீவு போடுவாங்க, யாரு இன்னைக்குச் சரின்னு சொல்லிட்டு நாளைக்கு மாத்துவாங்க, எல்லாம் அதுக்கு அத்துப்படி.”

முதலில் சோதனைக்காக, பழுதாகிக் கிடந்த லிஃப்டைக் கேட்டார்கள். ஜோசியர் ஒரு வியாழக்கிழமையைச் சொன்னது. லிஃப்ட் கம்பெனிக்காரர் செவ்வாயன்றே வந்து திறந்து பார்த்து, “அரை மணி நேர வேலை சார்” என்றார். பிறகு ஒரு சாமான் வாங்கிவரப் போனவர் வியாழக்கிழமைதான் திரும்பினார். அதன்பின் அந்த மாடியில் ஜோசியரைச் சந்தேகப்பட ஆளில்லை.

அந்த வாரமே தாமோதரன் மொழிவைப் பற்றிக் கேட்டார். திரையில் தேதி வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல் வந்தது.

இல்லை.

“நெட் போயிடுச்சு போல” என்று யாரோ சிரித்தார்கள். மறுபடி கேட்டார்கள். இல்லை. ஜெசிந்தா எழுந்து திரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

“இல்லைன்னா என்ன அர்த்தம்?”

“முடியவே முடியாதுன்னு அர்த்தம்” என்றார் தாமோதரன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “இல்லைன்னு வர்ற திட்டத்தையெல்லாம் இந்தக் காலாண்டு முடியறப்ப மூடிடணும்னு மேல இருந்து உத்தரவு, ஜெசிந்தா. நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஏகாம்பரம், “அது தப்பா சொல்லுது, ஜெசி” என்றான். மூன்று வருடத்தில் அவன் அவள் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. “நாம மாஸ்டர் வீட்டுக்குப் போய், மொழிவுல இப்ப பண்ணியிருக்கற புதுசைப் போட்டுக் காட்டுவோம். அவர் பேசறதைப் படம் பிடிச்சு மேல அனுப்புவோம். அப்புறம் எவன் மூடறான்னு பார்க்கலாம்.”

மாஸ்டர் என்பது சுந்தரபாண்டியன். பள்ளிக்கரணையில் இருந்தார். விருதுநகர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். விசிலே ஊதமாட்டார், அவர் ஒரு அதட்டல் போட்டால் மைதானத்தின் மறுகோடியில் ஓடுகிறவன் நிற்பான் என்பார்கள். அவர் மனைவி கோமதி அதே பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மாஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகி, அதுவே நிலைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் மாஸ்டருக்குக் கை கால் மீண்டுவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. மொழிவைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.

ஜெசிந்தா பட்டையை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். கைப்பேசியை மேஜைமேல் வைத்தாள். ஏகாம்பரம் படம் பிடிக்கத் தயாரானான். கோமதி காபி கொண்டுவந்து வைத்தார்.

மாஸ்டர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து மனைவியைப் பார்த்தார். கைப்பேசி கனிவான குரலில் பேசியது:

“அன்புள்ள கோமதி அவர்களே, இந்தக் காபியில் சர்க்கரையின் அளவு குறித்து ஒரு சிறு கருத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தங்களுக்கு இது வசதியான நேரமா?”

கோமதி திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். “யாரு வந்துருக்கா?”

“மாஸ்டர்தாம்மா பேசறார்” என்றாள் ஜெசிந்தா. “முழு வாக்கியமாப் பேசற மாதிரி பண்ணியிருக்கோம். மரியாதை கொஞ்சம் தூக்கலா இருக்கு. குறைச்சிடலாம்.”

மாஸ்டரின் முகம் சிவந்தது. அவர் என்னவோ சொல்ல முயன்றார். அது நல்ல வார்த்தை இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

“தங்கள் பொறுமைக்கு என் மனமார்ந்த நன்றி” என்றது கைப்பேசி.

மாஸ்டர் காதுக்குப் பின்னாலிருந்து பட்டையைப் பிய்த்தார். நிதானமாக அதைக் காபிக்குள் போட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏகாம்பரம் படம் பிடிப்பதை நிறுத்தினான்.

கோமதி டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “தப்பா எடுத்துக்காதம்மா. நாப்பது வருசத்துல இந்த மனுசன் என்னைய ‘அவர்களே’ன்னு கூப்பிட்டதே இல்ல. கேக்கப் பயமா இருக்கு” என்றார். பிறகு, “ஏம்மா, மொதல்ல ஒண்ணு கொண்டாந்து ஒட்டுனீங்களே, நாப்பது வார்த்த மட்டும் பேசுமே. அது எங்க?” என்று கேட்டார்.

“அது ஆரம்பத்துல பண்ணினதும்மா. அதை விட்டு ரொம்ப தூரம் வந்துட்டோம்.”

“அதுல ‘கோமு’ன்னாரு. ‘போதும்’னாரு. ‘வலிக்குது’ன்னாரு. ரெண்டு மாசம் வீடு வீடா இருந்துச்சு. அப்புறம் நீதான் வந்து எடுத்துட்டுப் போன.”

“அதுல உச்சரிப்பு சரியில்லம்மா. ‘ஃபேன்’னு அவர் சொன்னா ‘பேன்’னு கேட்டுச்சு.”

“கேட்டா என்ன? ‘பேன் போடு’ன்னா நான் என்ன தலையவா சொறிஞ்சுக்கிட்டு நின்னேன்? எந்திரிச்சுப் போயி ஃபேனத்தான போட்டேன்” என்றார் கோமதி. அவர் குரல் தணிந்தது. “நீ எடுத்துட்டுப் போனதுலேருந்து மறுபடி செவுத்தத் தட்டித்தான் கூப்பிடுறாரு. இப்ப அதையும் கொறச்சுட்டாரு.”

திரும்பும்போது கார் சதுப்பு நிலத்தைக் கடந்தது. பிறகு ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டான். “அந்த நாப்பது வார்த்தையையே வெளியிட்டுட்டா என்ன, ஜெசி?”

“விட்டுடலாம்” என்றாள் அவள் உடனே. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கே விட்டுடலாம். எனக்கும் அதான் தோணுது.”

மறுநாள் காலை அவன் மேஜைக்கு வந்தாள். “நாப்பது வார்த்தைதான். பேச்சே இல்ல. உச்சரிப்பை மட்டும் சரி பண்ணிடலாம்” என்றாள். பதினோரு மணிக்கு, பெண்களுக்குப் பெண் குரல் வேண்டாமா என்று கேட்டாள். மதியம், கோவைக்காரர்களுக்குக் கோவைப் பேச்சு வேண்டும் என்றாள். சாயங்காலம் ஏகாம்பரம் ஜோசியரிடம் கேட்டுப் பார்த்தான். இல்லை.

ஜோசியர் காரணம் சொல்லாது. ஆனால் நிலைமையை மாற்றிப் போட்டுக் கேட்கலாம். ஏகாம்பரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாக மாற்றினான். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால்? இல்லை. திட்டத்தை ஹைதராபாத் கிளைக்கு அனுப்பினால்? இல்லை. தாமோதரனைத் தூக்கினான். ஒரு வித்தியாசமும் இல்லை. தன்னையே தூக்கிப் பார்த்தான். அதிலும் வித்தியாசமில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

கடைசியில் ஜெசிந்தாவின் பெயரை எடுத்துவிட்டுக் கேட்டான்.

அடுத்த மாதம், பன்னிரண்டாம் தேதி.

அவன் சட்டென்று திரையை அணைத்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். கெட்ட செய்தியை நல்ல செய்தி மாதிரி சொல்வதில் கைதேர்ந்தவன்தான் அவன். ஆனாலும் இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் நடமாடினான். மூன்றாம் நாள் கேண்டீனில் அவளே தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன விஷயம், சொல்லு.”

“ஒண்ணுமில்ல. ஒரு சின்ன ரிஸ்க் இருக்கு. ஆனா அதைச் சமாளிக்க வழியும் இருக்கு. அந்த வழியில கொஞ்சம் ஆள் மாற்றம் மாதிரி...”

ஜெசிந்தா ஸ்பூனைக் கீழே வைத்தாள். “என்னைத் தூக்கிப் பார்த்தியா?”

“எல்லாரையும் தூக்கிப் பார்த்தேன், ஜெசி. தாமோதரன் சாரைக்கூட.”

“அவரைத் தூக்கினா என்ன வந்துச்சு?”

“அவர் இருக்கறதே ஜோசியருக்குத் தெரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

“தேதி என்ன?”

சொன்னான்.

“அவ்வளவு கிட்டவா?” என்றாள். கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறினாள். “உனக்குப் புரியாது, ஏகா. வேலை நடந்துட்டு இருக்கறவரைக்கும் அது நல்லாத்தான் இருக்கும். வெளியில போன அன்னைக்கே யாராவது ஒருத்தர், இது சரியில்ல, அது சரியில்லம்பாங்க. இத்தனை வருஷம் இதையா பண்ணினன்னு கேப்பாங்க. அதை என்னால கேக்க முடியாது. அதான் இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு...”

“நீ லீவுல போனா போதுமான்னு பார்ப்போம்” என்றான் ஏகாம்பரம்.

இருவரும் சேர்ந்தே ஜோசியர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா ஒரு மாதம் லீவு என்று போட்டார்கள். இல்லை. “வீட்டுலேருந்து போன் பண்ணுவேன்” என்று அவளே காரணம் சொன்னாள். போன் இல்லாமல் என்று போட்டார்கள். இல்லை. “பக்கத்து வீட்டுப் போன்.” மணப்பாட்டுக்குப் போய்விடுகிறாள், அங்கே சிக்னலே கிடையாது என்று போட்டார்கள். அப்போதும் இல்லை.

“கலங்கரை விளக்கத்து மேல ஏறினா சிக்னல் கிடைக்கும்” என்றாள் ஜெசிந்தா. “ஏறுவேன். எனக்கே தெரியுது.”

அன்று மாலை அவளே தாமோதரனிடம் போய் வேறு திட்டத்துக்கு மாற்றச் சொன்னாள். அப்போது காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டடத்தின் அடித்தளத்தில் எந்தக் காரை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் மென்பொருள்.

“அங்க பெருசா யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா” என்றார் தாமோதரன்.

“அதனாலதான் சார் கேக்கறேன்” என்றாள் அவள்.

அதற்குப் பிறகும் ஏகாம்பரமும் அவளும் கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மொழிவைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஒப்பந்தம். அவள் வாயைத் திறப்பாள். அவன் தலையை ஆட்டுவான். அவள் ஒரு கவளத்தை வாயில் போட்டு அடைத்துக்கொள்வாள். பெரும்பாலும் தயிர்சாதத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். அந்த மாதத்தில் அவளுக்கு இரண்டு கிலோ எடை கூடியது.

பன்னிரண்டாம் தேதி மொழிவு வெளியானது. நாற்பது சொற்கள், ஒரே குரல், ‘ஃபேன்’ என்றால் ‘பேன்’ என்றது. முதல் வாரமே வேண்டிய மட்டும் குறை சொன்னார்கள். அதையெல்லாம் ஏகாம்பரம் உட்கார்ந்து படித்தான். ஒருவர் கேலியாக எழுதியிருந்தார், ‘இதற்கா இத்தனை வருடம்?’ அதை மட்டும் ஜெசிந்தா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டான். ஆனால் வாங்கியவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை.

ஒரு மாதம் கழித்து கோமதி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வரவேண்டும், மாஸ்டரே சொன்னார் என்றார்.

போனபோது மாஸ்டர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் பட்டை இருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்ததும் கைப்பேசி, “வா. உக்காரு” என்றது. அவள் உட்கார்ந்தாள். “கோமு. காபி” என்றது. சமையலறையிலிருந்து கோமதி, “காதுல விழுது, செத்த பொறுங்க” என்று குரல் கொடுத்தார். “சீக்கிரம்” என்றது கைப்பேசி. “பறந்தா வர முடியும்?” என்றார் கோமதி. அந்த வீட்டில் சண்டை திரும்பியிருந்தது. இரண்டு பேருமே அதை ரசித்துச் செய்தார்கள்.

காபியைக் கொடுத்துவிட்டுக் கோமதியும் வந்து உட்கார்ந்தார். “உனக்கு இதுக்கு மேல பெரிய வேல குடுத்துருப்பாங்களேம்மா” என்றார்.

“இல்லம்மா. இப்ப கார் நிறுத்தற மென்பொருள் பாக்கறேன். இதை வெளியிட்ட சமயம் நான் இதுல இல்ல.”

மாஸ்டர் நிமிர்ந்தார். “ஏன்?” என்றது கைப்பேசி.

ஜெசிந்தா காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள். ஏகாம்பரம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அறிக்கைகளில் எழுதுகிற எந்த வார்த்தையும் அந்த நேரத்தில் அவனுக்கு உதவவில்லை. “என்னாலதான் சார். அவங்க இருந்தா இது முடியாதுன்னு நான்தான் போய்ச் சொன்னேன். அதனால அவங்க விலகிட்டாங்க” என்றான்.

மாஸ்டர் அவனை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “வேண்டாம்” என்றது கைப்பேசி. பிறகு “வலிக்குது” என்றது. இரண்டும் அவர் தேடிய சொல் இல்லை. அந்த நாற்பதில் திட்டுவதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. திட்டும் சொற்கள் வேண்டாம் என்று கம்பெனியின் சட்டப் பிரிவு சொன்னதும் ஏகாம்பரம் விவாதம் பண்ணாமல் விட்டிருந்தான், பண்ணியிருந்தால் வெளியீடு ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும்.

மாஸ்டர் கைப்பேசியை ஓரமாகத் தள்ளினார். பேப்பரைக் கீழே போட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்து, பிரிந்து, மறுபடி குவிந்தது.

“மு... முத்... தாள்.”

மூன்று பேரும் மேஜைமேல் இருந்த கைப்பேசியையே பார்த்தார்கள்.

“அதுவா பேசுச்சு?” என்றார் கோமதி.

ஜெசிந்தா அதை எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை. “இல்லம்மா. இந்த வார்த்தை இதுல கிடையவே கிடையாது.”

மாஸ்டர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோமதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். டீச்சர் குரல் வந்துவிட்டது. “தம்பி, நீங்க கொஞ்சம் அவரு முன்னாடி வந்து நில்லுங்க” என்றார்.

ஏகாம்பரம் போய் நின்றான்.

“இன்னொரு தடவ திட்டுங்க, மாஸ்டர்.”

“முத்... தாள்!” இம்முறை சத்தம் கூடியிருந்தது.

ஜெசிந்தா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “எல்லா வார்த்தையையும் நான் அதுல போட்டுக் குடுத்திருந்தா...” என்று தொடங்கியவள் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் அன்று சாப்பாட்டு நேரம்வரை அதே இடத்தில் நின்றான். மாஸ்டர் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துத் திட்டினார். நடுவில் ஒருமுறை அவன் கால் மாற்றி நின்றதற்கும் சேர்த்துத் திட்டினார். உள்ளேயிருந்து சாம்பார் மணத்தது. கோமதி இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும்போது ‘முட்டாளு’க்கு ‘ட்’ வந்துவிட்டது.